வெயிலுக்கும் கிணற்றடிக்கும் ஒரு நல்ல மணிக்கூடு

விலைகூடிய கைமணிக்கூடு ஒன்றை முதற்தடவையாக வாங்கி, அதை நாளாந்தம் கட்ட விரும்பும் வன்னி வாசகர்களின் கேள்விகள் இம்முறை இடம்பெறுகின்றன. மணிக்கூடு திருத்தும் தொழிலில் உள்ளவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: சுவிஸில் இருக்கும் அண்ணா அடுத்த மாதம் வருகிறார். "நல்ல மணிக்கூடு ஒண்டு வாங்கிக்கொண்டு வாறன், எது வேணும் எண்டு சொல்லு" என்கிறார். எனக்கு றோலெக்ஸ், ஒமேகா என்று பெயர்கள்தான் தெரியும். கச்சேரியில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போய் வருகிறேன். எதைச் சொல்வது?
— அரச உத்தியோகத்தர், பரந்தன்

பதில்: பெயரைச் சொல்வதற்கு முன் அண்ணாவுக்கு இரண்டு அளவுகளை அனுப்புங்கள். ஒரு நூலை மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்து, அதை அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தால் சுற்றளவு கிடைக்கும். அடுத்தது, மணிக்கட்டின் மேற்புறத்தில் தட்டையாக இருக்கும் பகுதியின் அகலம். கடைக்குப் போகிறவர் தன் கையில் கட்டிப் பார்த்து வாங்கிவிடுவார். குளிர்நாட்டில் தடித்த கைக்கு எடுப்பாக இருந்தது, இங்கே வந்ததும் உங்கள் கையில் தட்டு மாதிரி நிற்கும். வெளிநாட்டிலிருந்து வரும் மணிக்கூடுகளில் நாங்கள் அதிகம் காணும் பிழை இதுதான்.

சுற்றளவு 16, 17 சென்ரிமீற்றர் என்றால் 36 முதல் 39 மில்லிமீற்றர் வரை விட்டமுள்ள கேஸ், அதாவது மணிக்கூட்டின் வெளிக்கூடு, போதும். விட்டத்தைவிட முக்கியமானது, பட்டி பொருத்தும் மேல் காதின் நுனியிலிருந்து கீழ்க் காதின் நுனி வரையுள்ள நீளம். அந்த நீளம் உங்கள் மணிக்கட்டின் தட்டை அகலத்தைத் தாண்டக்கூடாது. அதே நீளத்துக்கு ஒரு மட்டையை வெட்டிக் கையில் வைத்துப் பார்த்தாலே விளங்கிவிடும். தடிப்பு 12 மில்லிமீற்றருக்குள் இருந்தால் முழுக்கைச் சட்டையின் கைப்பட்டிக்குள் தடையின்றிப் போகும். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு இன்னொரு காரணமும் உண்டு: கைபிடியைப் பிடிக்கும்போது கை பின்னால் மடியும். மணிக்கூடு பெரிதாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் சாவிக் குமிழ் புறங்கையில் குத்திக்கொண்டே இருக்கும்.

இனி உலோகமும் கண்ணாடியும். துருப்பிடியா உருக்கு, மூன்று முள், கண்ணாடி சஃபயர். வேகம் அளக்கும் குமிழ்கள், சந்திரன் காட்டும் டயல் எல்லாம் முதல் மணிக்கூட்டுக்கு வேண்டாம். கூடுதலான ஒவ்வொரு வேலைப்பாடும் பின்னால் சேர்விஸ் செலவில் ஏறும். சஃபயரைக் கேட்பதற்குக் காரணம் எங்கள் வீதிகளின் புழுதி. அதில் உள்ள மணற்துகள் படிகக்கல். கடினத்தன்மை அளவுகோலில் அது 7. சாதாரண கண்ணாடி அதற்குக் கீழே, சஃபயர் 9. ஆகவே புழுதி பட்ட சட்டைக்கையால் துடைத்தால் சாதாரண கண்ணாடியில் கீறல் விழும், சஃபயரில் விழாது. உருக்கு எப்படியும் கீறும். பளபளவென்று மினுக்கிய உருக்கில் கீறல் முதல் வாரமே தெரியும், நுண்கோடு போட்ட மங்கல் உருக்கில் அவ்வளவாகத் தெரியாது.

ஏறத்தாழ இந்த அளவுகளில் வருபவை என்றால், லோன்ஜீன் ஸ்பிரிட் 37, டியூடர் ரேஞ்சர் 39, ஒமேகா அக்வா டெரா 38, றோலெக்ஸ் எக்ஸ்புளோரர் 36. விலையும் ஏறத்தாழ இதே வரிசையில் ஏறும். முதல் இரண்டும் எக்ஸ்புளோரரும் 100 மீற்றர் நீர்காப்பு, அக்வா டெரா 150 மீற்றர். றோலெக்ஸைக் கடைக்குப் போன அன்றே எடுத்து வருவது அரிது. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு மாதத்தில் வருபவரிடம் அதைக் கேட்டால், அவர் வேறு வழியின்றி இடைத்தரகரிடம் கூடிய விலை கொடுப்பார். உங்களுக்கு நாங்கள் சொல்வது டியூடர் ரேஞ்சர். மங்கல் உருக்கு, முழுச் சாவியில் கழற்றி வைத்தாலும் 70 மணிநேர ஓட்டம். செயினின் பூட்டில் எந்தக் கருவியும் இல்லாமல் 8 மில்லிமீற்றர் வரை தளர்த்தி இறுக்கும் வசதியும் உண்டு. அந்த வசதியின் அருமை சித்திரை வெயிலில் தெரியும். காலையில் அளவாக இருந்த செயின் மத்தியானம் கை வீங்க இறுகிப்போகும்.

மோட்டார் சைக்கிளின் அதிர்வுக்குப் பயப்பட வேண்டாம், கை அசைவில் தானே சாவி ஏறும் இன்றைய ஓட்டோமற்றிக் இயந்திரங்கள் அதைத் தாங்கும். மண்வெட்டி பிடிக்கும்போதும், லான்ட்மாஸ்டர் ஓட்டும்போதும், மரம் அறுக்கும் இயந்திரம் தூக்கும்போதும் மட்டும் கழற்றி வையுங்கள்.

அண்ணாவிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை: உத்தரவாத அட்டையில் வாங்கிய திகதியும் தொடரிலக்கமும் கடையின் பெயரும் பதியப்பட்டிருக்க வேண்டும். செயினை உங்கள் சுற்றளவுக்கு ஒரு கண்ணி கூடுதலாக விட்டே குறைக்கச் சொல்லுங்கள். கழற்றிய கண்ணிகள் எல்லாம் பெட்டியோடு வர வேண்டும், அவற்றைத் தனியாக வாங்கப்போனால் விலை நெஞ்சை அடைக்கும். பற்றுச்சீட்டு கையில் இருக்கட்டும். சுங்க விதியையும் புறப்படுமுன் அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: என்னிடம் உள்ள மணிக்கூட்டின் பின்புறத்தில் 30 மீற்றர் என்று போட்டிருக்கிறது. எங்கள் கிணறு 30 அடி ஆழம்கூட இல்லை. ஆனால் குளித்த பிறகு கண்ணாடிக்குள் ஆவி பிடிக்கிறது. அடுத்ததாக வாங்கப்போகும் நல்ல மணிக்கூட்டிலும் இப்படி வருமா?
— கடை உரிமையாளர், மாங்குளம்

பதில்: அந்த 30 மீற்றர் ஆழத்தைக் குறிப்பதில்லை. புது மணிக்கூட்டை, தண்ணீர் புகாமல் அடைக்கும் புது றப்பர் வளையங்களோடு, அசையாமல் வைத்து ஏறத்தாழ 3 வளிமண்டல அழுத்தம் கொடுத்துச் சோதித்தார்கள் என்பதே அதன் பொருள். வருடம் போகப்போக வளையம் காய்ந்து இறுகும். வியர்வையும் சவர்க்காரமும் அதை இன்னும் கெடுக்கும். எனவே நடைமுறையில் 30 மீற்றர் என்றால் கை கழுவலாம், மழைத் தூறலில் நனையலாம், அவ்வளவுதான். 50 மீற்றர் என்றால் தவறித் தண்ணீரில் விழுந்தாலும் தப்பும். கிணற்றடியிலும் குளத்திலும் கட்டிக்கொண்டே குளிக்க வேண்டுமென்றால் 100 மீற்றரும், திருகி இறுக்கும் சாவிக் குமிழும் உள்ளதாகப் பாருங்கள். கடலுக்குள் இறங்கி வேலை செய்பவருக்கு 200 மீற்றர்.

உங்கள் மணிக்கூட்டுக்கு நடந்தது இது: வெயிலில் சூடேறிய கேஸின் மேல் கிணற்றுத் தண்ணீரை வாளியோடு ஊற்றுகிறீர்கள். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அழுத்தம் குறைந்த அந்தக் கணத்தில், தளர்ந்த வளையத்தின் வழியாக வெளியில் உள்ள ஈரத்தை அது உறிஞ்சும். ஏற்கெனவே உள்ளே இருந்த ஈரமும் குளிர்ந்த கண்ணாடியில் படியும். நல்ல மணிக்கூடாக இருந்தாலும் வெயிலால் வந்த சூட்டோடு தண்ணீருக்குக் கொண்டுபோகாமல், பத்து நிமிடம் நிழலில் ஆறவிடுவது நல்லது.

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மணிக்கூடு கைச்சூட்டைவிடச் சற்றுக் கூடிய இளஞ்சூட்டில் இருக்கும்போது, கண்ணாடியின் நடுவில் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீரை விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். துடைத்ததும் அதே இடத்தில் உட்புறமாகப் படலம் தெரிந்தால் ஈரம் இருக்கிறது. அப்படித் தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். அரிசிப் பானைக்குள் வைப்பதால் பயனில்லை, மூடியிருக்கும் கேஸுக்குள் உள்ள ஈரத்தை அரிசி இழுக்காது. நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துப் பின்மூடியைத் திறந்து உலர்த்தச் சொல்லுங்கள். உள்ளே எண்ணெய் விடவோ வேறெதையும் தொடவோ வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கடல்நீர் போயிருந்தால் அன்றே திறக்க வேண்டும். உப்பு ஒரு நாளிலேயே துருவைத் தொடங்கிவிடும்.

100 மீற்றர் மணிக்கூட்டுக்குள் தண்ணீர் போனதாக வருபவற்றில் மிகப் பலவற்றுக்குக் காரணம் ஒன்றுதான்: நேரம் மாற்றிய பிறகு குமிழைத் திருகி மூட மறந்தது. மூடும்போது முதலில் அரைச் சுற்று எதிர்ப்பக்கம் திருப்புங்கள். புரி சேரும் இடம் விரலுக்குத் தெரியும், அதன்பின் உட்பக்கமாக அமத்தித் திருகுங்கள். நேரே அமத்தித் திருகினால் புரி அழிந்துபோகும். பல்லை நெரித்து இறுக்கவும் வேண்டாம், வளையம் நசுங்கிவிடும்.

முல்லைத்தீவுக் கடலில் குளித்தால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வவுனியாப் பக்கம் சுண்ணாம்புச் சத்துக் கூடிய கிணறுகளில் குளிப்பவர்கள் கழுவியபின் துடைத்தும் விட வேண்டும். இல்லையென்றால் செயின் இடுக்கில் வெள்ளைப் படிவு கட்டும்.

கேள்வி: என்னுடைய ஓட்டோமற்றிக் மணிக்கூடு திங்கட்கிழமை காலையில் நின்றுபோய்க் கிடக்கிறது. வெள்ளி பின்னேரம் கழற்றினால் திங்கள்தான் கட்டுவேன். இனி ஒரு நல்ல மணிக்கூடு வாங்கினால் ஓட்டோமற்றிக்கா, பற்றரியா?
— ஆசிரியை, வவுனியா

பதில்: உங்கள் மணிக்கூடு பழுதாகவில்லை, கணக்கு அப்படி. பல சுவிஸ் மணிக்கூடுகளில் பல்லாண்டாக இருந்த ஈ.டி.ஏ. 2824-2 இயந்திரம் முழுமையாகச் சாவி ஏறியிருந்தால் ஏறத்தாழ 38 மணிநேரம் ஓடும். வெள்ளி மாலை 6 மணிக்குக் கழற்றினால் ஞாயிறு காலை 8 மணியோடு அது நின்றுவிடும். 70 மணிநேர இயந்திரம் என்றால் திங்கள் பின்னேரம் 4 மணி வரை தாங்கும். ஓட்டோமற்றிக் எடுப்பதென்றால் 70க்குக் குறையாமல் பாருங்கள்.

இன்னொன்று: வகுப்பில் இருந்து திருத்தும் நாட்களில் கை அதிகம் அசையாது. ஸ்பிரிங் முழுமையாக ஏறாமலே நீங்கள் கழற்றி வைப்பீர்கள். நின்ற மணிக்கூட்டைக் கையை ஆட்டி ஓடவைக்காமல், குமிழை 20, 30 சுற்றுச் சுற்றிச் சாவி கொடுங்கள். திகதியை இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடைப்பட்ட நிலையில் மாற்றக்கூடாது. திகதித் தகட்டைத் தள்ளும் பல் அந்த நேரத்தில் பிடித்திருக்கும், வலிந்து திருப்பினால் உடையும். முள்ளை 6 மணிக்குக் கொண்டுவந்துவிட்டுத் திகதியை மாற்றுங்கள்.

ஆனால் உங்கள் பழக்கத்தைப் பார்த்தால் எங்கள் தெரிவு பற்றரிதான். பற்றரி மணிக்கூடு மலிவுச் சாமான் என்ற எண்ணம் எங்கள் ஊர்களில் ஊறிப்போயிருக்கிறது. அது சரியல்ல. கிராண்ட் சீக்கோவின் 9எஃப் பற்றரி இயந்திரம் வருடத்துக்கே 10 செக்கனுக்குள் பிசகும் அளவுக்குச் செய்யப்பட்டது. சாதாரண பற்றரி மணிக்கூடு ஒரு மாதத்தில் 15, 20 செக்கன் பிசகும். நாளொன்றுக்குச் சில செக்கன் பிசகுவது விலைகூடிய ஓட்டோமற்றிக்குக்கும் இயல்பு. சுவிஸின் குரோனோமீற்றர்ச் சான்றே நாளொன்றுக்கு 4 செக்கன் பின்னும் 6 செக்கன் முன்னும் போக அனுமதிக்கிறது. மெல்லியதாக, சேலைக்கும் பொருத்தமாக வேண்டுமென்றால் கார்ட்டியே டாங் வடிவத்தில் பற்றரியில் வருவதைப் பாருங்கள். 1917இல் வரையப்பட்ட நீள்சதுர வடிவம் அது, இன்றும் பழசாகவில்லை. ஆனால் அதைத் தண்ணீருக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம்.

பற்றரி தீர்ந்ததும் உடனே மாற்றுங்கள். செத்த பற்றரி கசிந்தால் இயந்திரமே போகும். மூலைக்கடையில் கத்தியால் நெம்பித் திறக்கவிடாதீர்கள். தங்கக் காப்பையும் மணிக்கூட்டையும் ஒரே கையில் போடுவதையும் தவிருங்கள். 22 கரட் தங்கம் உருக்கைவிட மென்மையானது, தேய்வது காப்புத்தான்.

கேள்வி: மகளுக்குக் கலியாணம். மருமகனுக்குத் தங்க மணிக்கூடு ஒன்று கொடுக்க விருப்பம். காசு போனாலும் தங்கம் சொத்தாக நிற்கும்தானே?
— ஓய்வுபெற்றவர், நெடுங்கேணி

பதில்: இடம்பெயர்ந்த காலங்களில் காதிலும் கழுத்திலும் கிடந்ததுதான் பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தது. ஆகவே உங்கள் எண்ணம் விளங்குகிறது. ஆனால் மணிக்கூட்டுத் தங்கம் அந்தக் கணக்கில் வராது. நகை 22 கரட், மணிக்கூடு பெரும்பாலும் 18 கரட், அதாவது நூற்றுக்கு 75 பங்கு தங்கம். கேஸில் 32 கிராம் 18 கரட் தங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் தூய தங்கம் 24 கிராம். எங்கள் 8 கிராம் 22 கரட் பவுண் கணக்கில் அது ஏறத்தாழ மூன்றேகால் பவுண். மணிக்கூட்டின் விலை அதைப்போல எத்தனையோ மடங்கு. நகையை நிறுத்துக் கடன் தரும் இடத்தில் இயந்திரத்துக்கும் பெயருக்கும் யாரும் விலை போடமாட்டார்கள். சொத்தாக நிற்க வேண்டிய பணத்தை மகளுக்கு நகையாகவே போடுங்கள்.

தங்க முலாம் பூசியதை எடுக்கவே வேண்டாம். எங்கள் வியர்வைக்குக் காதின் விளிம்பிலும் பூட்டிலும் முலாம் முதலில் போகும். மருமகன் தினமும் கட்ட வேண்டுமென்றால் வெள்ளி நிற டயலுள்ள நல்ல உருக்கு மணிக்கூடு கொடுங்கள், கலியாணத்துக்கும் வேலைக்கும் அதுவே போகும். பின்மூடியில் கலியாணத் திகதியைப் பொறிக்கலாமா என்று தயங்குவார்கள். பொறித்தால் விற்கும் விலை குறையும் என்பது உண்மைதான், ஆனாலும் நாங்கள் பொறிக்கவே சொல்வோம். விற்பதற்காகவா கொடுக்கிறீர்கள்? வாங்கும் கடையிலேயே பொறித்து, மூடியைப் பூட்டியபின் நீர்காப்பைச் சோதித்துத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: தெரிந்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய றோலெக்ஸ் என்று ஒன்றைப் பாதி விலைக்குத் தருகிறார். முள் வழுக்கிக்கொண்டு போகிறது, பாரமாகவும் இருக்கிறது. உண்மையாக இருக்குமா?
— முள்ளியவளை வாசகர்

பதில்: நீங்கள் சொன்ன இரண்டு அடையாளங்களும் இப்போது பயன்படாது. செக்கன் முள் ஒரு செக்கனுக்கு எட்டுத் துடிப்பாக நகர்வதை நல்ல போலிகளும் செய்கின்றன. பாரமும் அப்படியே. 2000களின் தொடக்கத்திலிருந்து கண்ணாடியில் 6 மணிக்கு நேரே கண்ணுக்கு எட்டாத அளவில் சிறு கிரீடம் பொறிக்கிறார்கள், அதையும் போலியாக்குகிறார்கள். பின்புறம் கண்ணாடி வைத்து இயந்திரம் தெரிகிறது என்றால் சந்தேகியுங்கள், மிகச் சில வகைகளைத் தவிர றோலெக்ஸின் பின்மூடி மூடிய உலோகம்தான்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், அந்த இயந்திரத்தைப் பழகிய ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். திறக்க விடமாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள். உண்மையான கேஸுக்குள் வேறு டயலும் வேறு முட்களும் போட்டு விற்பதும் உண்டு. கேஸின் விளிம்புகள் கூர்மையில்லாமல் சவர்க்காரக் கட்டி போல உருண்டிருந்தால் பலமுறை மினுக்கியிருக்கிறார்கள். அப்படி மினுக்கினால் உலோகம் தேயும், நீர்காப்பும் நம்ப முடியாது. அட்டையில் உள்ள தொடரிலக்கமும் மணிக்கூட்டில் உள்ளதும் ஒன்றாக இருந்தாலும் போதாது, அட்டையும் போலியாக வரும். பாதி விலைக்கு வரும் றோலெக்ஸை விட்டுவிடுங்கள். அதே காசுக்கு உத்தரவாதத்தோடு புது லோன்ஜீன் ஒன்று வரக்கூடும். முதல் மணிக்கூட்டைப் புதிதாக வாங்குவதே எங்கள் ஊருக்குச் சரி.

கேள்வி: தோல் பட்டி மூன்று மாதத்தில் நாறுகிறது. உருக்குச் செயின் போட்டால் கடிக்கிறது. வயலுக்கும் போகிறவன் நான்.
— மல்லாவி வாசகர்

பதில்: தோல் வியர்வையைக் குடிக்கும், எங்கள் வெப்பத்தில் அது காயாது. விசேடங்களுக்கு மட்டும் வையுங்கள். செயின் கடிப்பது பெரும்பாலும் கண்ணிகளின் இடுக்கில் சேரும் அழுக்காலும் சவர்க்கார மிச்சத்தாலும்தான். இரண்டு கிழமைக்கு ஒருமுறை குமிழ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான பல்துலக்கியால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். அப்படியும் கடித்தால் உருக்கில் உள்ள நிக்கல் உங்கள் தோலுக்கு ஒத்துவரவில்லை, டைட்டேனியம் எடுங்கள். பாரமும் குறைவு.

வயலுக்கு மருந்தடிக்கும் நாளில் நல்ல மணிக்கூடு வீட்டில் இருக்கட்டும். அந்தத் திரவங்களில் உள்ள கரைப்பான்கள் றப்பரைக் கெடுக்கும். நுளம்புக்குப் பூசும் களிம்பும் றப்பர்ப் பட்டிக்கும் பிளாஸ்ரிக்குக்கும் ஆகாது. பூசினால் கையைக் கழுவியபின் கட்டுங்கள்.

கேள்வி: மணிக்கூடு திடீரென ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் முந்துகிறது. விழவும் இல்லை.
— மாணவர், கிளிநொச்சி

பதில்: காந்தம் பிடித்திருக்கும். ஒலிபெருக்கி, கைத்தொலைபேசி உறையின் காந்தப் பூட்டு, கைப்பையின் கொளுக்கி ஆகியவற்றின் மேல் வைத்திருப்பீர்கள். உள்ளே மயிரிழை போன்ற சுருள் ஒட்டிக்கொண்டு விரைவாகத் துடிக்கிறது. திசைகாட்டிக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள், முள் ஆடினால் அதுதான். காந்தம் நீக்கும் சிறு கருவி திருத்துபவர்களிடம் இருக்கும், ஒரு நிமிட வேலை. திறக்கவும் தேவையில்லை. புதிதாக வாங்கும்போது காந்தம் பிடிக்காத சிலிக்கன் சுருள் உள்ளதா என்று கேளுங்கள். ஒமேகாவின் மாஸ்டர் குரோனோமீற்றர் வகை 15,000 கௌஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வரை தாங்கும்.

கேள்வி: இப்படிப்பட்ட மணிக்கூட்டை வன்னியில் எங்கே சேர்விஸ் செய்வது? எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை?
— புதுக்குடியிருப்பு வாசகர்

பதில்: வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இது. உள்ளூரில் பற்றரி மாற்றலாம், செயின் குறைக்கலாம், காந்தம் நீக்கலாம். இயந்திரத்தைப் பிரித்துக் கழுவி எண்ணெயிடும் வேலைக்கு அந்தந்த நிறுவனம் ஏற்றுக்கொண்ட சேர்விஸ் இடம் வேண்டும். இங்கிருந்து அது கொழும்பு, அங்கும் இல்லையென்றால் வெளிநாடு. பல நிறுவனங்கள் உதிரிப்பாகங்களை வெளியாருக்குத் தருவதில்லை. ஆகவே கைதேர்ந்தவரானாலும் உள்ளூர்த் திருத்துநரின் கை கட்டப்பட்டிருக்கும். எந்தப் பெயரை வாங்கினாலும் அதன் சேர்விஸ் இடம் எங்கே என்பதை வாங்கும் கடையில் எழுதி வாங்குங்கள்.

றோலெக்ஸ் ஏறத்தாழ 10 வருடத்துக்கு ஒருமுறை என்கிறது, ஒமேகா 5 முதல் 8 வருடம். இரண்டுக்கும் டியூடருக்கும் புதிதாக வாங்கினால் 5 வருட உத்தரவாதம் உண்டு. ஆனால் குமிழைத் திறந்துவிட்டுத் தண்ணீர் போனதற்கு அது செல்லாது. நீர்காப்பை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். கொழும்புக்கு வேறு வேலையாகப் போகும்போது கொடுத்தால், திறக்காமலே அழுத்தத்தில் வைத்துப் பார்த்துத் தருவார்கள். முழுச் சேர்விஸ் செலவு பல நூறு டொலர் வரும். வாங்கிய நாளிலிருந்து மாதாமாதம் ஒரு சிறு தொகையை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள். அது முடியாது என்றால் ஒரு படி விலை குறைந்ததை வாங்குவதே மேல்.

தபாலிலோ கூரியரிலோ அனுப்பாமல் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்குமுன் முன்பக்கம், பின்பக்கம், தொடரிலக்கம், இருக்கிற கீறல்கள் எல்லாவற்றையும் படம் எடுங்கள். பற்றுச்சீட்டில் "மினுக்க வேண்டாம்" என்று எழுதுவியுங்கள். கேட்காவிட்டால் மினுக்கித்தான் தருவார்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர முடியுமா என்றும் அப்போதே கேளுங்கள்.